பத்தாம் வகுப்புக் கணக்கு: கடைசி மூன்று மாதத்துக்கு டியூஷனா, யூடியூபா, பழைய வினாத்தாளா?

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் ஜனவரியில் கைக்கு வந்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுதான். கணக்குக்கு எங்கே சேர்க்கலாம்? தெருமுனை டியூஷன் சென்டரில் க்ராஷ் கோர்ஸ் என்று போர்டு தொங்குகிறது. நாலு வீடு தள்ளி ஒரு டீச்சர் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார். யூடியூபில் எட்டுப் பாடமும் இலவசமாகக் கிடைக்கிறது. கடையில் கைடும் இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மாதிரி வினாத்தாள் தொகுப்பும் இருக்கிறது. போதாததற்குப் பள்ளியிலேயே சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். பொதுத்தேர்வுக்குள் இவற்றில் எதற்கு நேரம் கொடுப்பது, எதற்குப் பணம் கொடுப்பது?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் சாயங்காலத்தில் சில பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவன்தான். அதனால் டியூஷன் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்கலாம், தப்பில்லை.

எந்த வழி நல்லது என்று தேடுவதற்கு முன்னால் அந்த அரையாண்டுத் தாளை மேசையில் விரித்து வையுங்கள். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. 58 வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு நோய் இருக்கலாம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்ட வினாத்தாளின் அமைப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள். இரண்டாம் பகுதியில் 14 கேள்விகளில் 10 எழுத வேண்டும், தலா 2. மூன்றாம் பகுதியிலும் 14-இல் 10, தலா 5. இந்த இரண்டு பகுதிகளிலும் கடைசிக் கேள்வி (28-உம் 42-உம்) கட்டாயம். அதற்கப்புறம் வடிவியல் வரைதல் ஒன்று, கிராஃப் ஒன்று, தலா 8, இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. ஆக 14, 20, 50, 16, மொத்தம் 100. பாஸ் ஆக 35.

பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு எழுத்துப் போடுங்கள். முறையே தெரியவில்லை என்றால் ‘தெ’. முறை தெரியும், ஆனால் இந்தக் கணக்குக்கு எந்த முறை என்று பிடிபடவில்லை என்றால் ‘பி’. கூட்டல் கழித்தலில், குறியில், அலகு எழுதாமல் விட்டதில் போனது ‘க’. நேரம் இல்லாமல் தொடாமலே விட்டது ‘நே’.

‘தெ’யையும் ‘பி’யையும் பிரிப்பதுதான் கொஞ்சம் சிரமம். அதற்கு ஒரு வழி உண்டு. விட்டுப்போன கணக்கைக் காட்டி, “இது 2.8 பயிற்சியில் வர்ற கணக்கு” என்று மட்டும் சொல்லுங்கள். உடனே “ஓ, ஜி.பி.யா!” (பெருக்குத்தொடர்) என்று பேனாவை எடுத்துப் போட்டுவிட்டால் அது ‘பி’. அப்போதும் விழித்தால் ‘தெ’. கணக்கு தெரியாத அப்பா அம்மாவும் இந்தச் சோதனையைச் செய்யலாம், பாடப்புத்தகம் பக்கத்தில் இருந்தால் போதும்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

யூடியூப், கல்வித் தொலைக்காட்சி போன்றவை ‘தெ’க்கு நல்ல மருந்து. திட்ட விலக்கமோ கூம்பின் இடைக்கண்டமோ வகுப்பில் ஓடிப்போய்விட்டது என்றால், நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்கலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கியது. சமச்சீர்ப் புத்தகத்தின் வரிசையிலேயே பாடம் போகும் என்பது அதன் சௌகரியம். போட்டுக் காட்டிய கணக்கைப் படிப்பதால் பலன் உண்டு என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கணிதம் புதிதாகப் படிக்கிறவர்களில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்த மாணவர்கள், தாங்களாகவே முட்டி மோதியவர்களைவிட அதே மாதிரிக் கணக்குகளை வேகமாகப் போட்டார்கள். ஆனால் கணக்கின் மாதிரி மாறியதும் அந்த லாபம் தெரியவில்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஏன் அப்படி என்று ஒரு தாளைப் பார்த்தால் புரியும். ‘60 மீ உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து தரையில் நிற்கும் காரை 30° இறக்கக் கோணத்தில் ஒருவர் பார்க்கிறார். கட்டடத்தின் அடியிலிருந்து கார் எவ்வளவு தூரம்?’ ஒரு பையன் படம் வரைந்தான், டேன் 30° எழுதினான், 20√3 என்று கொண்டுவந்து 34.64 மீ என்று முடித்தான். வரிக்கு வரி சுத்தமாக இருந்தது. விடை மட்டும் தப்பு. அவன் 30 டிகிரியைச் சுவருக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் போட்டிருந்தான். இறக்கக் கோணம் கண் மட்டத்தில் போகிற கிடைக்கோட்டிலிருந்து கீழே அளக்க வேண்டியது. சரியாகப் போட்டிருந்தால் 60√3, அதாவது 103.92 மீ. இந்தப் பையன் முக்கோணவியல் வீடியோ பார்க்காதவன் இல்லை, எல்லாவற்றையும் பார்த்தவன். ஆனால் வீடியோவில் படத்தை வரைவது எப்போதும் சார்தான். கேள்வியின் வரிகளிலிருந்து படத்துக்குப் போகிற அந்த ஒரு அடியை அவன் தானாக எடுத்து வைத்ததே இல்லை. உயரங்களும் தூரங்களும் கணக்கில் பாதிக்கு மேல் வேலை அந்தப் படம்தான்.

அதனால் வீடியோ பார்க்க விடுங்கள், ஆனால் கேள்வி திரையில் வந்ததும் நிறுத்திவிட்டு நோட்டில் படம் வரைந்த பிறகே ஓட விட வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். போன் கையில் இருக்கிற பிள்ளை அந்தச் சட்டத்தை எத்தனை நாள் காப்பாற்றும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கைடு பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவது கையெழுத்துப் பயிற்சி. கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை சொல்கிற ஆப்களும் அதே ரகம்தான்.

டியூஷனுக்கு வருவோம். ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கிறது. முப்பது நாற்பது பேர் உட்காரும் சென்டரில் ஆசிரியர் போர்டில் கணக்குப் போடுவார், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். காலையில் பள்ளியில் நடந்ததே சாயங்காலமும் நடக்கிறது, கொஞ்சம் வேகமாக. ‘தெ’ நிறைய இருக்கிற பிள்ளைக்கு இரண்டாம் முறை கேட்பதில் பலன் உண்டு. ஆனால் அதையேதான் வீடியோ காசில்லாமல் தருகிறது. சென்டரின் உண்மையான நன்மை வேறு: வீட்டில் உட்கார இடமில்லாத, டிவி ஓடிக்கொண்டே இருக்கிற, தம்பி தங்கை கூச்சலிடுகிற வீட்டுப் பிள்ளைக்குத் தினமும் ஒன்றரை மணி நேரம் கணக்கு நோட்டு திறந்திருக்கும். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காரணத்துக்காகச் சேர்ப்பவர்கள் அதைத் தெரிந்தே சேர்க்கலாம்.

நாலைந்து பேர் மட்டும் இருக்கிற வீட்டு டியூஷன் வேறு விஷயம். அங்கே ஆசிரியரால் பிள்ளையின் நோட்டைப் பார்க்க முடியும். ‘முடியும்’ என்றுதான் சொல்கிறேன், எல்லோரும் பார்ப்பதில்லை. சேர்ப்பதற்கு முன்னால் “எத்தனை வருஷ அனுபவம், போன வருஷம் எத்தனை செண்டம்” என்று கேட்பதைவிட, “திருத்தின டெஸ்ட் பேப்பர் ஒன்று காட்டுங்கள்” என்று கேளுங்கள். சிவப்பு மையில் வெறும் டிக்கும் மொத்த மதிப்பெண்ணும் மட்டும் இருந்தால் யோசியுங்கள். எந்த வரியில் தவறியது என்று வட்டம் போட்டு, பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அந்த ஆசிரியருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

இனி வினாத்தாள் வழி. என் கட்சி இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

பாடப்புத்தகத்தில் 2.6 பயிற்சியைத் திறந்தால் எல்லாமே கூட்டுத்தொடர்க் கணக்கு. 2.8-ஐத் திறந்தால் எல்லாமே பெருக்குத்தொடர். பிள்ளை கேள்வியை வாசிக்காமலேயே சூத்திரத்தை எழுதிவிடலாம், பயிற்சியின் தலைப்பே விடையில் பாதியைச் சொல்லிவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. ‘ஒருவரின் மாதச் சம்பளம் ₹20,000. ஆண்டுதோறும் ₹1,000 உயர்கிறது’ என்பது கூட்டுத்தொடர்வரிசை. ‘ஆண்டுதோறும் 5% உயர்கிறது’ என்றால் பெருக்குத்தொடர்வரிசை. இரண்டிலும் இரண்டாம் ஆண்டுச் சம்பளம் ₹21,000 என்றுதான் வரும், அதனால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. மூன்றாம் ஆண்டில்தான் ஒன்று ₹22,000, இன்னொன்று ₹22,050 என்று பிரிகிறது. 2.6-ஐயும் 2.8-ஐயும் தனித்தனியாக முழுசாகப் போட்டு முடித்த பிள்ளைகள் இங்கே தடுமாறுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். உழைப்பில் குறை இல்லை. எந்தக் கணக்கு எந்த வகை என்று தேர்ந்தெடுக்கிற வேலையை யாரும் அவர்களிடம் கொடுத்ததில்லை.

வகைகளைக் கலந்து போட்டுப் பழகுவதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டக் ரோரரும் அவர் குழுவினரும் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஏழாம் வகுப்பில் 54 பிரிவுகள். பாதிப் பேருக்கு ஒரே வகைக் கணக்குகள் தொகுப்பாக வந்தன, மீதிப் பேருக்கு அதே கணக்குகள் கலந்து வந்தன. கடைசியில் எல்லோருக்கும் ஒரே திருப்புதல், அதற்கு ஒரு மாதம் கழித்து முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு தேர்வு. கலந்து போட்டவர்களின் சராசரி 61 சதவீதம், மற்றவர்களுக்கு 38. கணக்குகள் அதேதான், மாறியது வரிசை மட்டும். நம்மூர்ப் பத்தாம் வகுப்பில் அதே எண்கள் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் நோட்டில் நான் பார்ப்பதற்கும் இதற்கும் பொருந்துகிறது.

கலந்த பயிற்சிக்குக் கையில் இருக்கிற நல்ல பொருள் வினாத்தாள்தான். இதிலும் ஒரு எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் பத்து வருஷத் தொகுப்பில் பாதி பயன்படாது. இப்போதைய பத்தாம் வகுப்புப் புத்தகம் வந்தது 2019-20 கல்வியாண்டில். 2020-லும் 2021-லும் கொரோனாவால் பள்ளி மாணவர்களுக்குப் பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோருக்கும் தேர்ச்சி. 2022 மே மாதத் தாள் குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் வந்தது. ஆக முழுப் பாடத்துக்கும் வந்த பொதுத்தேர்வுத் தாள்கள் 2023-இலிருந்துதான். துணைத் தேர்வுத் தாள்களையும், பெற்றோர் ஆசிரியர் கழகத் தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு தாள் தாராளமாக வரும். முழுத் தாள் எழுத நேரம் கிடைக்காத வாரத்தில், எட்டு அலகுகளின் முடிவிலும் இருக்கிற ‘அலகுப் பயிற்சி’யிலிருந்து அலகுக்கு ஒன்றாக எட்டுக் கணக்கை உங்கள் கையாலேயே தாளில் எழுதிக் கொடுங்கள். வரிசையை மாற்றி எழுதுங்கள், பயிற்சி எண் வேண்டாம். செலவு ஒரு வெள்ளைத்தாள்.

தாள் எழுதும்போது கடிகாரம் இருக்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொல்கிற கணக்கு: ஒரு மதிப்பெண்ணுக்கு 15 நிமிடம், இரண்டு மதிப்பெண்ணுக்கு 35, ஐந்து மதிப்பெண்ணுக்கு 85, வடிவியலும் கிராஃபும் சேர்த்து 35. மீதி 10 நிமிடம் சரிபார்க்க. தாளில் ‘நே’ அதிகம் இருந்த பிள்ளை எந்தப் பகுதியில் மாட்டிக்கொள்கிறது என்று இரண்டாவது தாளிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் வராத ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றில் கால் மணி நேரம் போயிருக்கும், கடைசியில் கிராஃபுக்கு அளவுத்திட்டம்கூட எழுத நேரம் இருந்திருக்காது.

இந்த வழியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. யார் திருத்துவது? திருத்தாத தாளால் பிள்ளை தன் தவறை இன்னும் கெட்டியாகப் பழகிக்கொள்ளும், அவ்வளவுதான். வீட்டில் கணக்குத் தெரிந்தவர் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் என்ன செய்யலாம்? பள்ளியில் கணக்கு ஆசிரியரிடம் வாரம் ஒரு தாள் நீட்டினால் மறுக்கிறவர் அபூர்வம், நாற்பது பேரும் நீட்டினால்தான் சிக்கல். இரண்டாவது வழி, சிநேகிதர்கள் இருவர் தாளை மாற்றிக்கொண்டு விடைக்குறிப்பை வைத்துத் திருத்துவது. குரூப் ஸ்டடி என்ற பெயரில் நடக்கிறவற்றில் எனக்கு நம்பிக்கை இருக்கிற ஒரே வகை இதுதான். அடுத்தவள் தாளில் ‘ச.செ.மீ’ விட்டுப்போனதைக் கண்டுபிடித்த பெண் தன் தாளில் அதை விட மாட்டாள். இரண்டும் நடக்கவில்லை என்றால்தான் டியூஷன், அதுவும் வாரம் இரண்டு நாள், தாள் திருத்துவதற்காக மட்டும். இப்படிக் கேட்டால் ஒப்புக்கொள்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் போர்டில் எழுதுவதைவிட அது சுலபம்தான்.

இதுவரை சொன்னது நடுவில் இருக்கிற, ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் ஊசலாடுகிற பிள்ளைகளுக்கு. முப்பதைத் தாண்டத் திணறுகிற பிள்ளைக்குக் கணக்கே வேறு.

அரையாண்டில் 22 வாங்கிய பையனிடம் முழுத் தாளைக் கொடுத்து மூன்று மணி நேரம் உட்கார வைப்பது கொடுமை. அவனுக்கு வெளியே எங்கேயும் போக வேண்டாம், பள்ளியின் ஸ்பெஷல் கிளாஸ் போதும் என்பேன். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று ஆசிரியர்கள் தயாரிக்கிற கையேடு, பிள்ளைகள் பாஷையில் மினிமம் மெட்டீரியல், இவனுக்காகவே எழுதப்பட்டது. வடிவியல், கிராஃப் இரண்டும் முழுசாக வந்தால் 16. புக் பேக் (பாடத்தின் கடைசியில் இருக்கிற) ஒரு மதிப்பெண்களை நன்றாகப் படித்து 14-இல் பத்து வாங்கினால் 26. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து கணக்கு சரியாக வந்தால் 36. ஐந்து மதிப்பெண் பக்கம் தலை வைக்காமலே பாஸ். தேல்ஸ் தேற்றம், பிதாகரஸ் தேற்றம் இரண்டையும் எழுதிப் பழகி வைத்துக்கொண்டால், ஒன்று வந்தாலும் பயமில்லாத இடத்துக்குப் போய்விடுவான்.

இப்படிப்பட்ட பிள்ளையை செண்டம் பேட்ச் நடக்கிற சென்டரில் காசு கட்டிச் சேர்ப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே கட்டாயக் கேள்வி 42-க்கு புத்தகத்தில் நேரடியாக இல்லாத என்னென்ன கிரியேட்டிவ் கணக்கு வரலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவன் பின் வரிசையில் உட்கார்ந்து கவராயத்தைத் திருகிக்கொண்டிருப்பான். வாரத்தில் மூன்று நாள் வெறும் வரைதலுக்குக் கொடுங்கள்: கூர்மையான பென்சில், ஆடாத கவராயம், உதவிப் படம், தொடுகோடு ஒரு நாள், வடிவொத்த முக்கோணம் ஒரு நாள், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்த முக்கோணம் ஒரு நாள். கை பழகிவிட்டால் மனப்பாடம் தேவைப்படாத மதிப்பெண் அது. இரண்டாவது வாரத்திலேயே பையன் முகம் மாறுவது தெரியும்.

தொண்ணூறுக்கு மேல் வாங்குகிற பிள்ளைக்கு நான் சொல்வது இன்னும் குறைவு. எதையும் மாற்றாதீர்கள். ஜனவரியில் புதிதாக ஒரு டியூஷன், புது சார், புது ஸ்டெப் முறை என்று ஆரம்பித்தால் இருக்கிறதும் குழம்பும். அவர்கள் தாளில் பெரும்பாலும் ‘க’தான் இருக்கும். அதற்கு மருந்து மெதுவாக எழுதுவதும், கடைசிப் பத்து நிமிடத்தைப் பிடிவாதமாக மிச்சம் வைப்பதும்தான். ஒரு மதிப்பெண்ணை மட்டும் புக் பேக்கோடு நிறுத்தாமல் பாடத்துக்குள்ளிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கையும் போட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளியில் திருப்புதல் தேர்வுகள் வரிசையாக வரும், நடுவில் அறிவியல் செய்முறைத் தேர்வும் வரும். திருப்புதல் தேர்வு என்பது கலந்த கேள்விகள், முழு நேரம், திருத்தித் தருகிற ஆசிரியர், எல்லாம் இலவசம். அதே வாரத்தில் சென்டரும் தன் டெஸ்டை வைக்கும். இரண்டையும் எழுதிவிட்டு எந்தத் தாளையும் திரும்பிப் பார்க்காமல் தூங்கிப் போகிற பிள்ளைகள்தான் அதிகம். அந்த வாரங்களில் சென்டர் டெஸ்டுக்கு லீவு சொல்லிவிட்டு, பள்ளித் தாள் கைக்கு வந்த அன்று ராத்திரியே ‘தெ, பி, க, நே’ போட்டுப் பாருங்கள். ஜனவரித் தாளைவிட ‘பி’ குறைந்திருக்கிறதா என்று எண்ணிவிட்டு, பிப்ரவரி ஃபீஸ் கட்டுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்யலாம்.